ஃபிஷிங் பிளானட்: ராடை ஒடித்த மீனும், கரைக்கு வந்த மீனும்

ஃபிஷிங் பிளானட் என்பது திரையில் மீன் பிடிக்கும் வீடியோ கேம். டெக்சாஸ் லோன் ஸ்டார் ஏரியில்தான் இந்த விளையாட்டில் எல்லாருக்கும் தொடக்கம். நானும் முதல் பத்து நாள் அங்கேயே கிடந்தேன். தக்கை, சின்ன முள், புழு. புளூகில் என்கிற சின்ன மீன் மட்டும்தான் வரும், உள்ளங்கை அகலம். விற்றால் சில்லறைதான் தேறும். ஆனாலும் தக்கை ஒரு தடவை லேசாக ஆடி, பிறகு சாய்ந்து, அப்படியே உள்ளே போகும் அந்த ரெண்டு நொடிக்காகவே தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்துவிடுவேன்.

காசு சேர்ந்ததும் ஒரு தப்பு செய்தேன். கடையில் இருந்ததிலேயே கனமான பின்னல் நரம்பை வாங்கி ரீலில் (நரம்பு சுற்றும் உருளை) சுற்றினேன். நரம்பு தாங்குவது 9 கிலோ, ராடு, அதாவது தூண்டில் கம்பு, தாங்குவது 4 கிலோ. நரம்பு அறாது என்கிற தைரியத்தில் டிராக்கையும் (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) இறுக்கி வைத்திருந்தேன். அல்லி இலை ஓரமாக ஒரு லார்ஜ்மவுத் பாஸ் மீன் இரையை அடித்தது. திரையில் ராடு, ரீல், நரம்பு மூன்றுக்கும் தனித்தனிப் பட்டை உண்டு. எது எவ்வளவு இழுவையில் இருக்கிறது என்று காட்டும். நான் பார்த்தது நரம்புப் பட்டையை மட்டும். அது பச்சையிலேயே நின்றது. ராடுப் பட்டை சிவந்ததைக் கவனிக்கவில்லை. படக்கென்று ஒடிந்தது.

அன்றைக்குத்தான் புரிந்தது: மூன்றில் நரம்புதான் இளைத்ததாக இருக்க வேண்டும். அறுந்தால் கொஞ்சம் நரம்பும் ஒரு முள்ளும் போகும், அவ்வளவுதான். நிஜத் தூண்டில்காரர்கள் டிராக்கை நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பார்கள். அதே கணக்கை இங்கேயும் பிடித்துக்கொண்டேன். மறுபடி புளூகில் பிடித்துக் காசு சேர்த்து, அதே 4 கிலோ ராடு, 3 கிலோ நைலான் நரம்பு, டிராக்கை ஒரு கிலோ அளவில் வைத்து, விடியற்காலையில் அதே அல்லி ஓரத்துக்குப் போனேன். மூன்றாம் நாள் ஒரு லார்ஜ்மவுத் பாஸ் சிக்கியது. ஓட விட்டேன். ரீல் கிர்ரென்று நரம்பைக் கொடுத்தது. அது நின்றபோது சுற்றினேன், ஓடியபோது கையை எடுத்தேன். 2.6 கிலோ. எழுந்து நின்றுவிட்டேன்.

உங்களுக்கு மறக்க முடியாத மீன் எது? என்ன தூண்டில் போட்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

*

தம்பி, என்னுடையது கனடாவில், ஆல்பர்ட்டாவின் ஒயிட் மூஸ் ஏரியில். நார்தர்ன் பைக் மீன். முதல் மூன்று மீனும் ஸ்பூனோடு (கரண்டி வடிவ உலோக இரை) போய்விட்டன. இழுவைப் பட்டை பாதிகூட ஏறியிருக்காது, திடீரென்று நரம்பு தொய்ந்துவிடும். இழுத்து அறுக்கவில்லை, பல்லால் வெட்டுகிறது என்பது மூன்றாவது ஸ்பூன் போன பிறகுதான் உறைத்தது. பைக்கின் வாய் நிறையப் பல். நிஜ ஏரியிலும் ஸ்பூனுக்கு முன்னால் எஃகிலோ டைட்டானியத்திலோ ஒரு துண்டு லீடர் கட்டாமல் யாரும் அதன் பக்கம் போகமாட்டார்கள்.

டைட்டானியம் லீடர் வாங்கினேன். சுற்றும் முறையையும் மாற்றினேன். அதுவரை வேகமாகவே சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது ரெண்டு சுற்று, ஒரு நிறுத்தம், மறுபடி ரெண்டு சுற்று. சரியான தாளத்தில் சுற்றினால் அந்த முறையின் பெயர் திரையில் தோன்றும், அதைப் பார்த்துத்தான் கை பழகியது. ஸ்பூன் நின்று ஆடிக்கொண்டே கீழே இறங்கும்போதுதான் பைக் அடித்தது. எடையை எழுதி வைக்கவில்லை, ஆனால் கரைக்கு வந்து ஒரு முறை உடம்பை முறுக்கியதே, அது அப்படியே கண்ணில் நிற்கிறது.

பின்னல் நரம்பைக் கைவிட்டுவிடாதீர்கள் தம்பி. நீளாது, அதனால் தூரத்தில் மீன் தொட்டாலும் கைக்குத் தெரியும். உங்கள் ராடுக்கு ஏற்ற மெல்லியதாக எடுத்தால் போதும்.

*

நான் ஐம்பது வயதுக்குமேல் விளையாட வந்தவன். சின்ன வயதில் காவிரிக்கரையில் கைத்தூண்டில் போட்டுக் கெளுத்தி பிடித்திருக்கிறேன். ரீல், டிராக் எல்லாம் அப்போது தெரியாது, விரல்தான் டிராக். அதனால் மிசூரியின் மட்வாட்டர் ஆற்றுக்குப் போனதும் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அங்கேயும் கெளுத்தி இனம்தான், சேனல் கேட்ஃபிஷ். கெளுத்திக்கு உடம்பெல்லாம் நாக்கு. தோலிலேயே ருசி அறியும். கலங்கிய தண்ணீரில் மினுக்கும் இரையை விட நாற்றமுள்ள இரைதான் எடுபடும். வெட்டிய மீன் துண்டு, ஈயக்குண்டு, அடித்தூண்டில். ராடைத் தாங்கியில் சாய்த்துவிட்டு முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முனை ரெண்டு முறை தட்டியது. எடுக்கவில்லை. மூன்றாவது முறை வளைந்து அப்படியே நின்றது. எங்கள் ஊர்க் கெளுத்தியும் இப்படியேதான் எடுக்கும்.

*

ஐயா, அந்த ‘எடுக்கவில்லை’ என்பதை ரெண்டு முறை படித்தேன். நான் முதல் தட்டிலேயே இழுத்துவிடுகிறேன்.

அக்கா சொன்ன மெல்லிய பின்னல் நரம்பை நேற்றுச் சுற்றிப் பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது. என் 2.6 கிலோவைப் பார்த்து ஒரு நண்பர் ‘இவ்வளவுதானா’ என்றார். லார்ஜ்மவுத் பாஸில் உலக சாதனை 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி பிடித்தது, 10 கிலோ சொச்சம். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்தது அதற்குச் சமமாக வைக்கப்பட்டது. நடுவில் 77 வருஷம் அந்தச் சாதனையை யாராலும் தொட முடியவில்லை. அந்த இனத்தில் என் கைக்கு வந்த முதல் பெரிய மீன் இது. எனக்கு இது பெரிய மீன்தான்.

நாளை ராத்திரி நியூயார்க் பக்கம் எமரால்டு ஏரி. ஒருநாள் உரிமம் வாங்கிவிட்டேன், லீடரும் பெட்டியில் இருக்கிறது. போய் வந்து எழுதுகிறேன்.