புதுப்பிப்பு: மதியம் மரத்தடிக்குப் போகச் சொன்னீர்களே, அது பற்றி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலை கனக்கிறது, அடுத்தடுத்த மீட்டிங்கில் யார் மீதாவது எரிந்து விழுகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். போனை மேசையிலேயே வைத்துவிட்டு ஒரு மரத்தடிக்குப் போய்வாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். போய்வருகிறேன், நன்றாகவே பலன் தெரிகிறது.

தரமணியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாகப் புங்கை மரங்கள். இப்போது துளிர்க்கும் காலம். கொழுந்து இலைகள் எண்ணெய் தடவியது போல மினுங்குகின்றன. மேலே எங்கோ செம்மார்புக் குக்குறுவான் விடாமல் ‘டுக் டுக்’ என்று கூவுகிறது. பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி, சின்னப் பறவை. இலைக்குள் சட்டென்று கண்ணில் படாது. அதைத் தேடும்போது வேலை நினைப்பு தானாக விலகிவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை நிழலைவிட இந்தத் தேடல்தான் மருந்து.

எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டவருக்கு: மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை உமிழ்நீரில் அளந்து பார்த்தார்கள், ஆய்வு 2019இல் வெளியானது. இயற்கைச் சூழலில் 20 முதல் 30 நிமிடம் இருக்கும்போதுதான் அது மிக வேகமாகக் குறைந்ததாம். நடக்கலாம், உட்காரலாம், போன் கூடாது.

அப்புறம், மே மாத வெயிலுக்கு மாலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொள்ளப் போகிறேன், கடல்காற்று வந்திருக்கும். மேலாளரிடம் சொல்லிக் காலண்டரில் அந்த அரை மணியை இப்போதே ஒதுக்கியாயிற்று.