பயங்கரவாதத் தடுப்பு: அரசு எப்படிப் பேசினால் மக்கள் காது கொடுப்பார்கள்?

வாவிக்கரை:
ஊடகத்துறை மாணவி நான். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு இலங்கை அரசு முஸ்லிம்களிடம் பேசிய விதம் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். சமூகத்தின் பழக்கவழக்கம் தெரிந்து பேசினால் போதும் என்கிறது பாடம். அப்படியா? வேறு நாடுகளில் யாராவது உருப்படியாகச் செய்திருக்கிறார்களா?

கல்முனையான்:
பேசுவதை விடுங்கள் தங்கச்சி, முதலில் கேட்டார்களா? அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி அவன் சொந்த ஊரான காத்தான்குடி ஆட்களே முறைப்பாடு செய்திருந்தார்கள், 2017இல் அங்கே கைகலப்பாகி ஆள் தலைமறைவானது ஊருக்கே தெரியும். தாக்குதல் முடிந்து ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில், புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் (சஹ்ரானின் ஆட்கள்) மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததும் ஊர் மக்கள்தான். அப்படிப்பட்டவர்களுக்குக் கிடைத்த மறுமொழி என்ன? முகத்தை மூட வேண்டாம் என்று மார்க்க அறிஞர்களின் உலமா சபையே பெண்களைக் கேட்டுக்கொண்ட பிறகும், 29ஆம் திகதி அவசரகாலச் சட்டத்தில் தடை வந்தது. சரி, பாதுகாப்பு என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் முகம் திறந்திருந்தும் தலைத்துணியைக் கழற்றச் சொன்ன இடங்கள் உண்டே. ஹசலகவில் ஒரு பெண் போட்டிருந்த சட்டையில் கப்பல் சுக்கான் படம், அதைப் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பிடித்து இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே வைத்தார்கள். அடுத்த தகவலை எந்த நம்பிக்கையில் போய்ச் சொல்வது?

பனிமூட்டம்:
இங்கிலாந்தில் பர்மிங்காமில் இதே கதை வேறு விதம். 2010இல் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பக்கம் 218 கேமராக்கள், அதில் 72 மறைவானவை. சாதாரணக் குற்றத்தைத் தடுக்க என்றுதான் சொன்னார்கள், பணமோ பயங்கரவாதத் தடுப்பு நிதி. விஷயம் வெளியே வந்ததும் கேமராக்களுக்கு பிளாஸ்டிக் பை மாட்டி மூடி, அப்புறம் கழற்றியே எடுத்துவிட்டார்கள். போலீஸ் தலைவர் மன்னிப்புக் கேட்டார். எத்தனை மொழியில் துண்டுப் பிரசுரம் போட்டாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

தேக்கா:
சிங்கப்பூரையும் பாருங்கள். ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பினரின் கைதுகளுக்குப் பிறகு, 2003இல் உஸ்தாத்களே (மார்க்க ஆசிரியர்கள்) சேர்ந்து சமய மறுவாழ்வுக் குழு அமைத்தார்கள். தடுப்புக்காவலில் இருப்பவர்களிடம் மார்க்கம் பேசுவது தன்னார்வ ஆசிரியர்கள், அதிகாரிகள் இல்லை.

கல்முனையான்:
அங்கே விசாரணையின்றி உள்ளே வைக்கும் சட்டமும் இருக்கிறதே நானா.

தேக்கா:
இருக்கிறது, மறுக்கவில்லை. கட்டுரையில் அதையும் சேர்த்தே எழுதட்டும்.