மன்னிப்பு என்றால் புகாரைத் திரும்பப் பெறுவதா?

குன்னூர் சகோதரி:
எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாய் பச்சைத் தேயிலை விற்றுச் சேர்த்த பணத்தை, பூட்டை உடைத்துக் களவாடியவன் பிடிபட்டுவிட்டான். அவனும் சபையான் என்பதால், மன்னித்துப் புகாரைத் திரும்பப் பெறும்படி மூப்பர் சிலர் அவரை வற்புறுத்துகின்றனர். இது வேதத்துக்கு ஒத்ததா?

கோத்தகிரி வாசகர்:
சகோதரி, லூக்கா 10-இல், கள்ளரால் அடிபட்டு வழியில் கிடந்தவனுக்குச் சமாரியன் முதலில் செய்தது காயங்களைக் கட்டியதும் சத்திரத்துச் செலவை ஏற்றதுமே. அந்தத் தாயின் வீட்டுக்குப் புதுப் பூட்டாவது வாங்கித் தந்தார்களா உங்கள் மூப்பர்கள்? லூக்கா 19-இல் வரி வசூலிப்பவனான சகேயுவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவே சொன்னான். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கவில்லை.

கொடைக்கானல் ஆசிரியர்:
1999-இல் ஒடிசாவில் கணவரான ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டபோது, கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னித்தார். ஆயினும் வழக்கு நடந்தது, முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. மன்னிப்பு அவருடைய சொந்த முடிவு. பிறர் கேட்டு வாங்கியதன்று.

உதகை வழக்கறிஞர்:
1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அந்தத் தாயை உதகையிலுள்ள மாவட்ட ஆணைக்குழுவுக்கு அழைத்து வாருங்கள். மூப்பர்கள் சிறைக்குச் சென்று அந்த இளைஞனையும் பார்க்கட்டும், மத்தேயு 25 அதையும் கேட்கிறது.