மோனேயின் அல்லிக்குளம்: என் இலைகள் ஏன் மிதக்கவில்லை?

கேள்வி:
பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளத்தை மனதில் வைத்து எண்ணெய் வண்ணத்தில் ஒரு தோட்டக் காட்சி வரைகிறேன். மூன்று முறை சுரண்டி எடுத்தாகிவிட்டது. அல்லி இலைகள் தண்ணீரில் மிதக்காமல், சுவரில் ஒட்டிய பச்சைப் பொட்டு மாதிரி நிற்கின்றன. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
இலைகளை வட்டமாகப் போட்டிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். கரையில் நின்று பார்த்தால் அவை தட்டையான நீள்வட்டங்கள். தூரம் போகப் போக வெறும் கோடுகள். அப்புறம், மரங்களின் பிரதிபலிப்பு செங்குத்தாக இறங்கும், இலைகள் கிடையாக ஓடும். இரண்டும் குறுக்கிடும் இடத்தில்தான் தண்ணீர் தெரியும். முதலில் பிரதிபலிப்பு, கடைசியில் இலை.

பதில் 2:
நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். நீலமும் ஊதாவும் போதும். இன்னொன்று, அந்தக் குளம் தானாக அமைந்ததல்ல. 1883இல் பிரான்ஸின் ஜிவெர்னி கிராமத்துக்குக் குடிவந்த மோனே, 1893இல் நிலம் வாங்கி, எப்ட் ஆற்றின் கிளையோடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். அயல்நாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் எதிர்த்தார்கள்! பிறகு அல்லிகளை மட்டுமே சுமார் 250 ஓவியங்களில் வரைந்தார். நீங்கள் மூன்றிலேயே சலித்துக்கொள்கிறீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, வட்டம் போட்டது உண்மை. கறுப்பும் உண்மை. நான்காவது கேன்வாஸை எடுத்துவிட்டேன். குளத்தின் மேல் பாலம் வரைவது இப்போதைக்கு வேண்டாம்.