ஒனியான்டாவின் பழைய மைதானத்தில் ஒரு ஜூலை இரவு

என் மகனுக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில், அவனுடைய பேஸ்பால் அணி நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனை அடுத்து நடக்கும் சிறுவர் போட்டிக்குச் சென்றது. பிள்ளைகள் பயிற்சியாளர்களோடு முகாமிலேயே தங்கிவிடுவார்கள்; பெற்றோர் சுற்றுவட்டாரத்தில் அறை தேடிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு ஒனியான்டாவில்தான் அறை கிடைத்தது. பகலெல்லாம் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற எங்களிடம், விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி, "டமாஷ்கி மைதானத்தில் இன்றைக்கு ஆட்டம் இருக்கிறதே, போகவில்லையா?" என்று கேட்டார். என் மனைவி களைத்துப்போய்ப் படுத்துவிட்டதால் நான் மட்டும் கிளம்பினேன்.

மைதானம் நியாவா பூங்காவுக்குள் இருக்கிறது. போகும் வழியில், மேற்கூரையின்மேல் சிறு கூண்டு எழுப்பிய, சிவப்பு வண்ணம் பூசிய, ரயிலின் பழைய கார்டு பெட்டி ஒன்றை நினைவுச்சின்னமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். 1883இல் இங்கே இத்தகைய பெட்டி ஒன்றுக்குள் கூடிய பிரேக் தொழிலாளர் எட்டுப் பேர் தொடங்கிய சங்கம்தான் பிற்காலத்தில் அமெரிக்க ரயில் தொழிலாளரின் மிகப் பெரிய சங்கங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஒனியான்டா அடிப்படையில் ரயில்வே ஊர். டெலவேர் அண்ட் ஹட்சன் நிறுவனம் இங்கே கட்டிய வட்டவடிவ எஞ்சின் கொட்டகையை உலகிலேயே பெரியது என்று ஊரார் ஒரு காலத்தில் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். பணிமனை வேலை முடிந்து வருபவர்களுக்கு மாலையில் பொழுதுபோக்கு வேண்டியிருந்த அந்த நாட்களில், 1906 வாக்கில் உருவானது இந்த மைதானம். 1920இல் பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத்தே இங்கு வந்து காட்சி ஆட்டம் ஒன்றில் ஆடியிருக்கிறார். இப்போதுள்ள கூரை வேய்ந்த பார்வையாளர் அரங்கு 1930களின் இறுதியில் எழுந்தது. ஊர்ப் பூங்காக் குழுவில் நெடுங்காலம் உழைத்த டமாஷ்கி என்பவரின் பெயரை 1968இல் மைதானத்துக்குச் சூட்டினார்கள்.

ஆட்டம் தொடங்கியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. எல்லைச் சுவருக்கு அப்பால் காட்டுப் பச்சையாக எழும் குன்றுகள் கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகி, பிறகு கறுத்து, கடைசியில் விளக்குக் கம்பங்களின் வெளிச்சத்துக்குப் பின்னால் காணாமலே போயின. ஜூலை மாதந்தானே என்று அரைக்கைச் சட்டையோடு வந்திருந்த நான், ஆற்றுப் பள்ளத்தாக்கின் குளிர் அவ்வளவு விரைவாக இறங்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த, எழுபது வயதைக் கடந்திருக்கக்கூடிய அம்மையார், ஒன்றும் சொல்லாமல் தம் போர்வையின் ஒரு முனையை என் பக்கம் தள்ளினார். அவர் மடியில் நீண்ட ஸ்கோர் புத்தகம் ஒன்றும், பின்னால் ரப்பர் வைத்த பென்சிலும் இருந்தன.

அவரிடமிருந்துதான் இந்த மைதானத்தின் கதை எனக்குக் கிடைத்தது. அறுபதுகளில் ஊரின் மேயராக இருந்த சாம் நேடரின் முயற்சியால் 1967இல் நியூயார்க் யாங்கீஸ் என்ற பெரிய பேஸ்பால் கழகம் தன் இளையோர் அணியை இங்கே நிறுத்தியது. 1998 வரை முப்பத்திரண்டு கோடைகள் அது இங்கேயே இருந்தது. புதிதாகத் தேர்ந்தெடுத்த இளைஞர்களைப் பெரிய கழகங்கள் முதலில் இப்படிப்பட்ட சிற்றூர்களுக்குத்தான் அனுப்பும். 1979இல் டான் மேட்டிங்லி வந்தார். ஐந்தே ஆண்டுகளில் யாங்கீஸ் ஆடும் அமெரிக்கன் லீக் தொடரின் தலைசிறந்த அடிச் சராசரிக்குச் சொந்தக்காரரானார். 1982இல் வந்த ஜான் எல்வே 42 ஆட்டங்களில் .318 என்ற சராசரியில் அடித்தார். (கிரிக்கெட் சராசரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆயிரம் வாய்ப்பில் முந்நூறு தடவை அடித்துத் தளம் சேர்பவரே இங்கு நல்ல ஆட்டக்காரர்.) எல்வே அடுத்த ஆண்டே அமெரிக்கக் கால்பந்துக்குப் போய் டென்வரின் நாயகனானார். பெர்னி வில்லியம்ஸ், ஹோர்ஹே பொசாடா, ஆண்டி பெட்டிட் ஆகியோரும் இந்தப் புல்லில் ஓடியவர்களே. நேடர் நெடுங்காலம் மைதானத்தில் பீர் விற்க இசையவில்லை என்பதை, அந்தப் பெயர்களையெல்லாம் சொன்னதைவிட அதிகப் பெருமிதத்தோடு சொன்னார் அம்மையார். யாங்கீஸ் போனபின் டெட்ராய்ட் டைகர்ஸின் இளையோர் அணி 1999 முதல் 2009 வரை ஆடியது. அதுவும் கனெக்டிகட்டுக்குப் பெயர்ந்துவிட, கல்லூரி மாணவர்கள் ஆடும் அவுட்லாஸ் அணி வந்தது.

என் கண்ணுக்கு இந்த மாணவர் ஆட்டமே போதுமானதாக இருந்தது. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது; ஊர்க் குடும்பங்களின் வீட்டு மாடியிலோ பின்னறையிலோ தங்கிக்கொண்டு ஆடுகிறார்கள். கல்லூரிப் பருவத்தில் உலோக மட்டையால் ஆடிப் பழகியவர்கள், கோடையில் மர மட்டைக்கு மாற வேண்டும். நடுவில் சரியாகப் பட்டால் காய்ந்த விறகு பிளப்பதுபோல ஒற்றைச் சத்தம். கைப்பிடிக்கு அருகே பட்டாலோ மட்டையே இரண்டாகிப் பறக்கிறது. அப்படி ஒன்று உடைந்தபோது, அந்தத் துண்டுக்காக வேலியோரம் சிறுவர்களுக்குள் பெரிய பேரமே நடந்தது. அம்மையார் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட மாணவர்களுக்கு இடம் கொடுத்துவருகிறார். "ஒரு நாளைக்கு எத்தனை முட்டை சாப்பிடுவான் என்று தெரியும், ஆகஸ்டுக்குப் பிறகு என்ன ஆனான் என்பது பாதிப்பேருக்குத் தெரியாது" என்றார். நகர்ந்துபோன அணிகளைப் பற்றி அவரிடம் பெரிய வருத்தம் எதையும் நான் காணவில்லை.

ஏழாம் இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று கை கால்களை உதறிக்கொண்டு பாடும் வழக்கமான பாட்டு முடிந்ததும், அவர் காப்பி வாங்கப் போகிறேன் என்று புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மட்டை வீசித் தவறவிட்டு அவுட்டானால் ஆங்கிலக் கே எழுத்து. வீசாமல் நின்றபடியே அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட வேண்டும். இவ்வளவுதான் அதுவரை நான் கற்றிருந்தது. அவர் போன சற்று நேரத்தில், முதல் தளத்தில் ஒருவர் நிற்கும்போது, தரையோடு உருண்ட பந்தை, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பிடித்து இரண்டாம் தளத்துக்கு எறிய, அங்கிருந்து அது முதல் தளத்துக்குப் போய், ஒரே பந்தில் இருவர் அவுட். பந்து போன வழியை எண்களால் எழுத வேண்டும் என்று நினைவிருந்தது. ஆகவே மூவரின் முதுகையும் உற்றுப் பார்த்து, சட்டை எண்களை அழகாக எழுதிவைத்தேன்.

திரும்பி வந்தவர் கட்டத்தைப் பார்த்து, காப்பி சிந்தும் அளவுக்குச் சிரித்தார். ஆட்டக்காரர் யாராக இருந்தாலும் எண் அவர் நிற்கும் இடத்துக்கு உரியதாம்; பந்தெறியும் பிட்சர் 1, அதைப் பிடிக்கும் கேட்ச்சர் 2, முதல் தளத்தில் நிற்பவர் 3, இரண்டாம் தளத்தில் நிற்பவர் 4 என்று போய், ஷார்ட்ஸ்டாப் எப்போதுமே 6. என் எழுத்தை ரப்பரால் தேய்த்துவிட்டு 6-4-3 என்று எழுதினார். பிறகு பென்சிலை என்னிடமே நீட்டி, அடுத்தவரின் கட்டத்தை நிரப்பச் சொன்னார். அந்த மாணவர் மூன்றாவது ஸ்ட்ரைக்கை மட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலேயே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கே எழுத்தைத் திருப்பிப் போட்டேன்.