கார் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கிறது, நல்ல எலக்ட்ரீஷியன் யாராவது?

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு. பெட்ரோல் கார், மஞ்சக்குப்பம் வரை போய்வரும் சின்ன ஓட்டம்தான். இப்போதெல்லாம் ஓரிரு நாள் நிறுத்தினாலே காலையில் டக் டக் என்ற சத்தம் மட்டும். பக்கத்து வீட்டு அண்ணன் புண்ணியத்தில் ஜம்பர் கேபிள் போட்டு ஓடுகிறது. (கறுப்பு கேபிளின் கடைசி முனையை இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டாதீர்கள், எஞ்சினின் வெற்று இரும்பில் மாட்டுங்கள். பேட்டரி விடும் ஹைட்ரஜனில் பொறி பட்டால் ஆபத்து.)

மல்டிமீட்டரில் பார்த்தேன். இரவு 12.6 வோல்ட், காலையில் 11.9. எஞ்சின் ஓடும்போது 14.2, அதனால் ஓட்டத்தில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் சந்தேகமில்லை. டெர்மினலில் பூத்திருந்த பச்சையைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி வாசலின் தடவியாகிவிட்டது. உப்புக்காற்று ஊரில் இது தீராத வேலை.

மெக்கானிக் புது பேட்டரி போடச் சொல்கிறார். பழசுக்கு நாலு வயது, அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் பூட்டிய வண்டியில் ஏதோ ஒன்று கரண்ட் இழுத்தால் புதுசுக்கும் இதே கதிதானே? அப்படி நிற்கும் வண்டி இழுக்கும் கரண்ட் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கவேண்டும். வண்டி வாங்கிய பிறகு மாட்டிய ஸ்டீரியோவும் டேஷ்கேமும்தான் உறுத்துகின்றன.

ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கரண்ட் கசிவைப் பொறுமையாகத் தேடும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் திருப்பாதிரிப்புலியூர் பக்கமோ பாண்டிச்சேரியிலோ இருக்கிறாரா? பேட்டரிக்கு லோடு டெஸ்ட்டும் (சுமை கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்யவேண்டும். அப்புறம், வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன சார்ஜர் வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை திறக்கும் கடை என்றால் இன்னும் நல்லது.