அப்பாவுக்கு வீட்டு டிவியில் படம் ஒட்டவில்லை: புரொஜெக்டரா, தியேட்டரா?

கேள்வி: தஞ்சைப்பெண்

என் அப்பாவுக்கு 75 வயது. சினிமா என்றால் அவருக்கு உயிர். புதுப்படம் வந்தால் ஞாயிறு மாலைக் காட்சிக்கு அம்மாவையும் எங்களையும் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். முழங்கால் தேய்மானம் வந்த பிறகு படியேற முடியவில்லை. நாங்கள் வழக்கமாகப் போகும் தியேட்டரில் லிஃப்ட் கிடையாது. அதனால் தீபாவளிக்கு 55 அங்குல டிவி ஒன்று வாங்கி, இரண்டு ஓடிடி சந்தாவும் கட்டினோம்.

படம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். கேட்டால், "படம் மாதிரியே இல்லையம்மா, நாடகம் எடுக்கிற இடத்தில் நின்று பார்ப்பது போல இருக்கிறது" என்கிறார். வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார். கூட்டினால் சண்டைக் காட்சியில் தெருவுக்கே கேட்கிறது. மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு, படத்தை வெட்டிவிட்டார்கள் என்று வேறு வருத்தம். என் தம்பி ரிமோட்டில் எதையோ அழுத்திப் பட்டையைப் போக்கினான். அன்றிலிருந்து ஓரத்தில் நிற்கும் நடிகர்களைக் காணவில்லை.

இன்னும் பெரிய டிவியோ புரொஜெக்டரோ வாங்கலாம் என்கிறார் என் கணவர். அளவுதான் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. செலவழிக்கும் முன் கேட்கிறேன்: கோளாறு டிவியிலா, அப்பாவின் மனதிலா? சிரமப்பட்டாவது அவரைத் தியேட்டருக்கே அழைத்துப் போவதுதான் சரியா?

பதில்: நொய்யல்

வீட்டிலேயே பாருங்கள். நாங்கள் நால்வர் படத்துக்குப் போனால் டிக்கெட், இணையவழி முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், பாப்கார்ன் என்று ஒரு வார மளிகைச் செலவு ஒரே மாலையில் போய்விடுகிறது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி மட்டுமே 18 சதவீதம். பெரும்பாலான தமிழ்ப் படங்கள் சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. 2020-இல் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக ஓடிடியில் வந்தது. அன்று எங்கள் வீட்டில் தொடங்கிய பழக்கம் இது. குழந்தை அழுதால் நிறுத்தலாம், பாதியில் தூங்கினால் மறுநாள் தொடரலாம்.

ஆனால் புரொஜெக்டர் வாங்கும் முன் யோசியுங்கள். எங்கள் கூடத்தில் இரண்டு பெரிய ஜன்னல்கள். பகலில் திரையில் வெளுத்துப்போன நிழல்தான் தெரிகிறது. விலை குறைந்த கருவிகளில் '4கே சப்போர்ட்' என்று போட்டிருப்பார்கள். 4கே கோப்பை அது ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் அதற்குப் பொருள், திரையில் விழும் படம் 720 வரிகளாகவே இருக்கலாம். 'நேட்டிவ் ரெசல்யூஷன்', அதாவது கருவி உண்மையில் காட்டும் வரிகள், எவ்வளவு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: பழைய ஆபரேட்டர்

அம்மா, உங்கள் அப்பா சொல்வது ஒவ்வொன்றும் சரி. அவர் மனதில் ஒரு கோளாறும் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன் நான். பிலிம் பெட்டி வருவது நின்று டிஜிட்டல் வந்தபோது வெளியே வந்தேன்.

முதலில் அந்த 'நாடகம்'. சினிமா நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படம், நிமிடத்துக்கு 90 அடி. 1,000 அடி ரீல் பதினோரு நிமிடம் வரும். அந்த 24-இல் அசைவு சற்றே கலங்கலாகத் தெரியும். அந்தக் கலங்கலைத்தான் நம் கண் சினிமா என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. இப்போதைய டிவி, இரண்டு படங்களுக்கு நடுவே தானாகவே புதுப் படங்களை உருவாக்கிச் செருகி அசைவை வழவழப்பாக்குகிறது. கிரிக்கெட்டுக்கு அது பொருந்தலாம். ஆனால் நம் ஊர் சீரியல்கள் நெடுங்காலம் நொடிக்கு 50 அசைவுகள் பதிவாகும் வீடியோவில் எடுக்கப்பட்டவை. அதே வழவழப்பு சினிமாவில் வந்தால் உங்கள் அப்பாவின் கண்ணுக்கு நாடகம் என்றுதான் படும். எத்தனை படம் பார்த்த கண் அது!

இதை நிறுத்திவிடலாம். பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், எல்லாம் ஒரே அழுத்தலில் முடிந்துவிடும். கடையில் பளிச்சென்று காட்ட வைத்த 'விவிட்' கண்டிப்பாக வேண்டாம்.

கறுப்புப் பட்டை இருக்கட்டும். சினிமாஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு, டிவியின் அகலம் 1.78 மடங்குதான். பட்டையோடு பார்த்தால்தான் முழுப்படமும் தெரியும். தம்பி செய்ததை உடனே மாற்றச் சொல்லுங்கள். அப்பாவிடம் 'ராஜராஜ சோழன்' பற்றிப் பேசிப் பாருங்கள். 1973-இல் வந்த அதுதான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். உங்கள் ஊர்க் கதை வேறு, அவர் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். சினிமாஸ்கோப் என்று சொன்னால் அவருக்கே விளங்கிவிடும்.

அடுத்து வசனம். தியேட்டர் திரையில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும், ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னால் நிற்கும். நடுவில் இருக்கும் ஒலிபெருக்கிக்குத்தான் பேச்சைப் பெரும்பாலும் அனுப்புவார்கள். அதனால் நடிகரின் வாயிலிருந்தே குரல் வருவது போல இருக்கும். மெலிந்த டிவிகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கிறது. பேச்சு சுவரில் மோதி, இசையோடு கலந்து வருகிறது. ஓடிடி செயலியில் ஒலியை 5.1-இலிருந்து (ஆறு ஒலிபெருக்கிகளுக்கானது) ஸ்டீரியோவுக்கு (இரண்டுக்கானது) மாற்றிப் பாருங்கள். டிவியில் இரவு நேர ஒலி அமைப்பு இருந்தால் அதையும் போடுங்கள், சண்டைச் சத்தம் அடங்கிப் பேச்சு மேலே வரும். பணம் செலவழிப்பதென்றால் புரொஜெக்டருக்கு வேண்டாம், நடு ஒலிபெருக்கி தனியாக உள்ள சவுண்ட்பார் வாங்குங்கள்.

சோபா டிவியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் சுவரோரம், பன்னிரண்டு அடி தள்ளி. 55 அங்குல டிவியின் அகலம் நான்கு அடிதான். அப்பாவின் நாற்காலியை டிவியிலிருந்து ஏழு அடி தூரத்துக்கு முன்னே கொண்டு வாருங்கள். காசு செலவில்லாமல் திரை பெரிதாகும். விளக்கையும் அணையுங்கள். தியேட்டர் திரையின் வெளிச்சம் உங்கள் டிவியின் வெளிச்சத்தைவிட மிகக் குறைவு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சுற்றிலும் இருட்டு இருப்பதால்தான் அது அப்படி ஒளிர்கிறது.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது. நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள். வீட்டில் நினைத்தபோது நிறுத்தலாம் என்பதை நொய்யல் வசதியாகச் சொல்கிறார். சினிமாவைக் கெடுப்பது அதுதான் என்பேன். நம் ஊர்ப் படங்களின் திரைக்கதையே இடைவேளைக்காகக் கட்டப்படுகிறது. அந்த இடத்தில் முடிச்சு விழ வேண்டும், ஜனம் பேசிக்கொண்டே வெளியே போக வேண்டும். அடுத்த ரீல் ஒரு நொடி தாமதமானாலும் தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். அதற்குப் பயந்து, ரீல் முடியப்போவதைக் காட்டத் திரையின் வலது மேல் மூலையில் வரும் புள்ளியைப் பார்த்தபடி, அடுத்த ரீல் மாட்டிய இரண்டாவது மிஷினில் கை வைத்துக்கொண்டு நிற்போம். அவ்வளவு பாடுபட்டு ஓட்டிய படத்தை இன்று குக்கர் விசிலுக்காக நிறுத்துகிறார்கள் என்றால் மனம் கேட்கவில்லை. சமையலை முடித்துவிட்டு எல்லோரும் உட்காருங்கள். கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். இடைவேளையில் மட்டும் எழுந்து காபி போடுங்கள்.

பதில்: வைகைக்கரை

எனக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் கருவி. தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்தால் நாயகன் முதுகைக் காட்டிப் பேசும் காட்சி எல்லாம் எனக்கு இல்லை. திரையின் அடியில் ஆங்கில வசன வரி (சப்டைட்டில்) போடும் காட்சிகள் சென்னையில் சில தியேட்டர்களில் உண்டு, தமிழ் வசன வரி கிடைப்பது மிக அரிது. வீட்டில் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு தமிழ்ப் படத்தின் வசனத்தை முழுதாக அறிந்தேன். இது எனக்குச் சிறிய விஷயம் இல்லை.

செவித்திறன், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையரங்குகள் என்ன செய்ய வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எங்கள் ஊரில் அது திரைக்கு வரும்வரை எனக்கு வீடுதான் தியேட்டர்.

சகோதரி, ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பாவின் காதை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். சத்தம் போதாது என்று சொல்லாமல் வசனம் புரியவில்லை என்று சொல்கிறார், பாருங்கள், எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. தமிழ் வசன வரியுள்ள படமாகப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்.

பதில்: தஞ்சைப்பெண்

அனைவருக்கும் நன்றி. ஆபரேட்டர் ஐயா சொன்ன அமைப்பை நிறுத்தியதும் அப்பா, "இப்போதுதான் படம்" என்றார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே கண்டுபிடித்தார். நாற்காலியையும் முன்னே போட்டோம். இடைவேளைவரை யாரும் எழக்கூடாது என்று என் மகள் சட்டம் போட்டிருக்கிறாள். காதுப் பரிசோதனைக்கும் நேரம் வாங்கியாகிவிட்டது. சவுண்ட்பாரை அதன் முடிவு தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். புரொஜெக்டர் பேச்சு நின்றுவிட்டது.

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. பழைய படங்களை வீட்டில் நிம்மதியாகப் பார்க்கிறார். புதிய நகைச்சுவைப் படம் போட்டால் சிரிப்பு வரும் இடத்தில் திரும்பி எங்கள் முகத்தைப் பார்க்கிறார். பக்கத்தில் நூறு பேர் சிரித்துப் பழகியவர், நான்கு பேர் நடுவில் தயங்குகிறார். அதற்கு ரிமோட்டில் பொத்தான் இல்லை. ஆகவே அவர் ஆசைப்படும் புதுப்படத்துக்கு மட்டும் தியேட்டர்தான். லிஃப்ட்டும் சக்கர நாற்காலியும் உள்ள ஒரு வளாகத்தை விசாரித்து வைத்திருக்கிறேன். ஐயா, எந்த வரிசையில் டிக்கெட் எடுப்பது?

பதில்: பழைய ஆபரேட்டர்

திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில். தியேட்டரின் ஒலியை அந்த இடத்தை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். ஆனால் லிஃப்ட் கொண்டுபோய் விடும் வாசல் அரங்கின் மேற்பக்கம் திறக்கிறதா, திரைப் பக்கம் திறக்கிறதா என்று முன்பே தொலைபேசியில் கேளுங்கள். திரைப் பக்கம் என்றால் இருக்கைக்கு மறுபடியும் படி ஏற வேண்டியிருக்கும். மேற்பக்கம் திறக்கும் அரங்கில் கடைசி வரிசை எடுங்கள், ஒலி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. வலி உள்ள கால் நடைபாதைப் பக்கம் வரும்படி ஓர இருக்கையாக இருக்கட்டும், நீட்டி உட்காரலாம். முதல் மூன்று நாள் கூட்டம் வேண்டாம். இரண்டாவது ஞாயிறு மாலைக் காட்சிக்குப் போங்கள், நெரிசல் குறைந்திருக்கும், சிரிக்கவும் ஆள் இருக்கும்.